குவைத் தண்ணீர் குடித்த பல்

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் ஆண்டில், இந்தியாவில் பிறந்த ஒருவர் அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டால் அது கைக்கு வந்துசேர நூற்றுத் தொண்ணூற்றாறு வருடம் ஆகும் என்று சொன்னார்கள். இதில் மிகை ஒன்றும் இல்லை. மிகைப்படுத்துவதென்றால் இருநூற்று ஐம்பது என்றே சொல்லியிருப்பேன், எனக்கென்ன கஞ்சத்தனம்?

டாலஸ் பக்கத்தில் ஒருவர் காத்திருந்து காத்திருந்து காலமாகி, ஏழாம் வருடத் திதியும் முடிந்த பிறகு அவர் பெயருக்குக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் உடல்தகுதிச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. உடனே புதிதாக எடுத்து அனுப்பவும்.’ அவருடைய மகன் பதில் எழுதவில்லை. விஷயத்தைச் சொன்னால் வரிசையில் அப்பாவின் இடம் போய்விடுமே என்று பயந்தான்.

அந்த வரிசையில் பதினாறு வருடமாக நின்றவன் காந்திமதிநாதன். பாளையங்கோட்டைக்காரன், வயது நாற்பத்தொன்பது. அவன் பெயர் அமெரிக்கர்களின் வாயில் நுழையாததால் அலுவலகத்தில் அவன் ‘கேண்டி’. மீசை நரைத்த ஆளை மிட்டாய் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? திரும்பிப் பார்த்துப் பார்த்து அவனுக்கே பழகிவிட்டது. லிஃப்ட் கதவு எத்தனை நொடியில் மூட வேண்டும் என்று தீர்மானிக்கும் மென்பொருளை எழுதுவது அவன் வேலை. பதினாறு வருடமும் அதே வேலை, அதே பதவி, அதே நாற்காலி. பதவி உயர்வு வாங்கினால் வேலையின் பெயர் மாறும். பெயர் மாறினால், இந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட மறுபடி விளம்பரம், மறுபடி வக்கீல், மறுபடி கட்டணம். நடுவில் எங்கேயாவது ஒரு கமா பிசகினால் மொத்தமும் போச்சு. எனவே நான்கு முறை உயர்வை வேண்டாம் என்று சொன்னான். அவன் வேலை கற்றுக்கொடுத்த பையன் இப்போது அவனுடைய மேலாளருக்கு மேலாளர்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது நாதன் ஊருக்குப் போகவில்லை. போனால், திரும்பி வருவதற்கான விசா முத்திரைக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தேதி. தம்பி கொள்ளி வைப்பதைப் போனில் பார்த்தான். போனைப் பிடித்திருந்த சித்தப்பா மகன் குலுங்கிக் குலுங்கி அழுததில் போன் மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டது. இருபது நிமிடம் ஒரு வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே நாதன் அழுதான்.

இப்போது அடுத்த கத்தி தொங்கியது. ஒரே மகள் மிருதுளா நான்கு வயதில் அமெரிக்கா வந்தவள். இருபத்தொரு வயது முடிந்தால் பெற்றோர் மனுவிலிருந்து அவள் பெயர் தானாக உதிர்ந்துவிடும். பிறகு பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அவளுக்குத் தெரிந்த இந்தியா, பாளையங்கோட்டை வீட்டுக் குளியலறையில் பார்த்த ஒரு பல்லி மட்டும். அந்தப் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பல் சட்டம் வந்தது.

*

“ஒரு சொட்டு வலி கிடையாது அண்ணாச்சி. பேனா மாதிரி ஒண்ண கடவாப்பல்லுல ஒரு நிமிசம் வச்சாங்கல்லா, அவ்வளவுதான்” என்றாள் வக்கீல் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி. டாலஸுக்கு வந்து முப்பது வருடமாகியும் பேச்சில் உப்புக்காற்று போகவில்லை. கட்சிக்காரர்கள் எல்லோரும் அவளுக்கு அண்ணாச்சி, அவர்கள் மனைவிமார் எல்லோரும் மதினி. கட்டணத்தில் மட்டும் உறவு பார்க்க மாட்டாள்.

நாதனும் மனைவி ஷைலஜாவும் அவள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பரிசோதனை முடிவுகள் அப்போதுதான் வந்திருந்தன. மிருதுளாவின் பிறந்தநாளுக்கு இன்னும் நாற்பத்து மூன்று நாள்.

“என்னத்துக்கு இந்தக் கூத்துன்னு எனக்கு இன்னும் விளங்கல. பொறப்புச் சான்றிதழ்தான் குடுத்திருக்கோம்லா?” என்றான் நாதன்.

“இப்போ காயிதத்த எவன் நம்புதான்? எந்த ஊரு முனிசிபாலிட்டி சான்றிதழ் வேணும்னாலும் கம்ப்யூட்டர் மூணு செகண்டுல செஞ்சு குடுக்கு. சீல் மை கொஞ்சம் பிசிறியிருக்கது, கிளார்க் டீ சிந்துன கறை, எல்லாம் அச்சு அசலா. அதாம் காயிதமே வேண்டாம், பல்லக் காட்டுன்னுட்டான். முதல் கடவாப்பல்லு புள்ள பொறக்கும்போதே உருவாக ஆரம்பிக்கும். மூணு வயசுக்குள்ள மேல்பூச்சு முடிஞ்சிரும். அதுக்கப்புறம் சாகுத வரைக்கும் மாறாது. அந்த வயசுல எந்த ஊருத் தண்ணி குடிச்சோமோ அந்தத் தண்ணி அதுல எழுதியிருக்கும். இனிமே பொறந்த நாடு எதுன்னு சொல்லுதது பல்லுதான்.”

அவள் நாதனின் முடிவைத் திருப்பிக் காட்டினாள். “பாருங்க, தாமிரபரணி. எந்தப் படித்துறைன்னு ஒண்ணுதான் சொல்லல.”

நாதனுக்கு ஏனோ பெருமையாக இருந்தது. ஜெசிந்தா அடுத்த தாளை எடுத்தாள். படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

“மதினிக்கு எந்த ஊருன்னு சொன்னீங்க?”

“நாகர்கோவில். வடசேரி” என்றான் நாதன்.

“இது ஆத்துத் தண்ணியே இல்லையே. கடல் தண்ணி. ஆலையில போட்டு உப்பு எடுத்த கடல் தண்ணி. பாரசீக வளைகுடாவோட வடக்கு மூல. குவைத்துன்னு போட்டிருக்கு.”

நாதன் வாய்விட்டுச் சிரித்தான். “மெஷின் ரிப்பேரு! இவ வடசேரிச் சந்தையத் தாண்டி வெளிய போனதே என்னக் கட்டிக்கிட்ட பொறவுதான்.”

ஷைலஜா சிரிக்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். “மெஷின் சரியாத்தான் சொல்லுது” என்றாள்.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு மூடியது அந்த அறைக்குள் கேட்டது. நான்கு நொடி. அவன் எழுதியதுதான்.

“அப்பா குவைத்துல எலெக்ட்ரீசியனா இருந்தாவ. நான் அங்கதான் பொறந்தேன். நாலு வயசுல ஊருக்கு வந்தோம்.”

நாதன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஜெசிந்தா மேசையை ஓங்கித் தட்டினாள். “அண்ணாச்சி! என்ன நடந்திருக்குன்னு புரியுதா? புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருல யாரு பொறந்த நாட்டு வரிச சின்னதோ, குடும்பமே அதுல போய் நிக்கலாம். குவைத்து வரிசையில இன்னைக்கு எத்தன பேரு நிக்கான் தெரியுமா? ஒருத்தன். அவனும் பாத்ரூம் போயிருக்கான்!”

“இதுவும் புதுச் சட்டமா?” நாதனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“எங்க? பல்லுதான் புதுசு. இது நீங்க மனுப் போடுததுக்கு அறுபது வருசம் முந்தியே இருக்கு.”

“அப்போ இவ அன்னைக்கே சொல்லியிருந்தா…”

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் தான் எங்கே காலை வைத்தோம் என்று உறைத்தது. ஆனாலும் வக்கீல் அல்லவா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித் தொலைத்தாள். “ஒன்றர வருசம். கூடிப்போனா ரெண்டு.”

*

கார் நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் வெடித்தது. பக்கத்துக் காரில் இருந்த நாய் பயந்து இருக்கைக்கு அடியில் போய்விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“பதினாறு வருசம்ட்டி! என் வாழ்க்கையில பாதிய ஒரு நாற்காலியில உக்காந்து தேச்சிருக்கேன். ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த உன் வாயில வரல?”

“எப்படிங்க சொல்ல? ஜாதகத்துக்காக மறச்சது.”

“ஜாதகமா?”

ஷைலஜா சொன்னாள். குவைத்தில் பிறந்ததாகக் கணித்தால் அவளுக்கு நாலாம் வீட்டில் செவ்வாய். பச்சைத் தோஷம். அதே நாள், அதே மணி, ஊரை மட்டும் நாகர்கோவில் என்று மாற்றிப் போட்டால் லக்னம் ஒரு வீடு நகர்ந்து, செவ்வாய் அஞ்சாம் வீட்டில் சமத்தாக உட்கார்ந்துகொள்ளும். அவளுடைய அப்பா தாணுலிங்கம் வடசேரி ஜோசியரை வைத்து அப்படியே எழுதிவிட்டார். பள்ளிக்கூடச் சான்றிதழில் ஏற்கெனவே நாகர்கோவில் என்று இருந்தது வசதியாகப் போயிற்று. பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் அதை வைத்தே வந்தன. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தில் புலி என்று கேள்விப்பட்டிருந்தார்கள். நாதனின் அம்மா கோமதி, பத்துக்குப் பத்துப் பொருத்தம் இல்லாவிட்டால் காபியைக்கூடத் தொடமாட்டாள் என்று பேச்சு.

“எங்க அப்பா சாகும்போதும் சத்தியம் வாங்கிட்டுத்தான் போனாவ. ஒங்க வீட்டுக்குத் தெரியவே கூடாதுன்னு.”

“சரி. பொறந்த நாட்ட வச்சுத்தான் வரிசைங்கது உனக்கு எப்பத் தெரியும்?”

அவள் சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எப்பட்டி தெரியும்?”

“பத்து வருசமாச்சு. ஒரு பொங்கல் விருந்துல பேசிக்கிட்டாங்க.”

நாதன் விரல் விட்டு எண்ணவில்லை, எண்ணத் தேவையும் இல்லை. அப்பா இறந்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால்.

“அப்போ, அந்த வேப்பமரத்த நான் பாத்துக்கிட்டு இருந்தப்ப, உனக்குத் தெரியும்.”

“சொல்லணும்னு தெனமும் ஒத்திக பாத்தேங்க. கண்ணாடி முன்னால நின்னு பாத்தேன். அதுக்குள்ள மாமா போயிட்டாவ. அதுக்கப்புறம் நான் வாயத் தொறந்தா அத்த என்ன சொல்லுவாவ? தோசக்காரி வந்துதான் மாமனாரக் கொண்டுட்டான்னு சொல்ல மாட்டாவளா?”

நாதன் காரைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த சுவரை, அது ஏதோ பதில் சொல்லப் போகிறது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

அடுத்த இரண்டு வாரத்தில் பொய்க்காரி என்ற சொல்லை அவன் பதினோராயிரம் தடவை சொல்லியிருப்பான். மேல்வீட்டுக்காரரிடம் சொன்னான். இந்தியக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு குஜராத்திக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னான். அவர் நல்ல வெண்டைக்காயாக நாலு எடுத்து அவன் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

மிருதுளாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “அப்பா, ப்ளீஸ். அம்மா சொன்ன பொய்யாலதான் எனக்கு இப்ப ஒரு சான்ஸ் வந்திருக்கு. நீங்க சந்தோஷமா இருக்கணும்.”

“பொய்யால வரல, பல்லால வந்திருக்கு.”

“வாட்எவர். இன்னும் இருபத்தொம்பது நாள். அதுக்கு அப்புறம் எவ்வளவு வேணா சண்டை போடுங்க. நானே பாப்கார்ன் போட்டுத் தரேன்.”

ஆனால் மனு நகரவில்லை. ஜெசிந்தா போனில் புலம்பினாள். “பல்லு ஒண்ணு சொல்லுது, காயிதம் ஒண்ணு சொல்லுது. எப்படி மாறிச்சுன்னு தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தராவது சத்தியப் பத்திரம் எழுதிக் குடுக்கணும் அண்ணாச்சி. அதுலயும் முக்கியம், இது உங்களுக்குத் தெரியாதுன்னு அதுல இருக்கணும். இதுவர மனுவுல கையெழுத்துப் போட்டது மதினி இல்ல, நீங்க ஒருத்தருதான்லா, தெரிஞ்சு மறச்சீங்கன்னா மோசடி, வாழ்நாள் தட. மதினியோட அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்ல. அந்த ஜோசியரு?”

“செத்துப்போனாரு” என்றான் நாதன். பொய் ஜாதகம் எழுதியவர் தொண்ணூற்றிரண்டு வயதுவரை ஒரு தலைவலிகூட இல்லாமல் வாழ்ந்துவிட்டுப் போயிருந்தார்.

ஆக, சாட்சிக்கு ஆள் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டான். உதவி கேட்பதற்கு அல்ல. இவ்வளவு பெரிய துரோகத்தைப் பெற்றவளிடம் சொல்லி ஒருதரம் வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. பாளையங்கோட்டையில் விளக்கு வைக்கிற நேரம். கோமதி திரையில் வந்தாள். எழுபத்திரண்டு வயது, காதில் வைரத்தோடு, கையில் ரிமோட்.

“எம்மா, மனசத் திடப்படுத்திக்க. ஒரு விசயம் சொல்லணும்.”

“சொல்லுய்யா. சீரியல் போடப் போறான், சீக்கிரம் சொல்லு.”

“ஷைலஜா நாகர்கோவில்ல பொறக்கலம்மா. அவ பொறந்தது…”

“குவைத்துல. வெள்ளிக்கிழம காலம்பற ஆறு பத்துக்கு. அதுக்கு என்னா இப்போ?”

சமையலறை வாசலில் நின்றிருந்த ஷைலஜாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“நல்லாக் கேட்ட போ. தெரியாமலா கட்டி வச்சேன்? வடசேரி ஜோசியருக்கு ஒரு பட்டுவேட்டி எடுத்துக் குடுத்தேன். அவரு எந்தெந்த வீட்டு ஜாதகத்தத் திருத்துனாருன்னு லிஸ்ட்டே தந்துட்டாரு. அதுல இவதான் பாக்க லெட்சணமா இருந்தா.”

“தோசம்னு தெரிஞ்சுமா?”

“தோசம் இருக்கணும்னுதானே தேடுனேன்! உனக்கு ஏழாம் வீட்டுல செவ்வாய்ல்லா. நீ பொறந்த நேரத்த இருபது நிமிசம் தள்ளி எழுதுனது நானும் உங்கப்பாவும்தான். தோசம்னு வெளிய சொன்னா உனக்கு எவன் பொண்ணு குடுப்பான்? தோசமில்லாத பிள்ளையக் கட்டி வச்சா அந்தப் பிள்ளைக்கு ஆகாது, பாவம். அதாம், தோசத்த மறைக்கிற வீடாப் பாத்துத் தேடுனேன். செவ்வாய்க்குச் செவ்வாய் சரியாப் போச்சுல்லா. இருபத்திரண்டு வருசமா ரெண்டு பேரும் கல்லுக்குண்டாட்டம் இருக்கியளா இல்லையா?”

இரண்டு வீட்டாரும் உண்மையையே சொல்லியிருந்தாலும் இந்தக் கல்யாணம் நடந்திருக்கும். இன்னும் சுலபமாக நடந்திருக்கும். குவைத் என்றே எல்லாக் காகிதத்திலும் இருந்திருக்கும். லிஃப்ட் கதவு மென்பொருள் எழுதுவதில் கெட்டிக்காரனான நாதனுக்கு இதைக் கணக்கிட நான்கு நொடி ஆகவில்லை.

“எம்மா, பதினாறு வருசமா கிரீன் கார்டு வரலன்னு உன்கிட்ட எத்தன தடவ அழுதிருப்பேன்? அப்பல்லாம் இத ஒரு வார்த்த சொல்லல?”

“பொறந்த ஊர வச்சுத்தான் அந்த எழவக் குடுப்பான்னு நீ எப்பவாச்சும் சொன்னியா? நான் கேக்காமலா இருந்தேன்? மாசாமாசம் கேட்டேன். ‘அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாதும்மா’ன்னுதான சொன்ன?”

ஷைலஜா ஈரக் கையோடு வந்து திரையின் முன் நின்றாள்.

“அத்த, அப்போ ஒங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னமே தெரியும்.”

“ஆமா.”

“நான் ஒவ்வொரு ஆடி வெள்ளிக்கும் போன் பண்ணும்போது, நீங்க ஜாதகத்தப் பத்திப் பேசிருவீங்களோன்னு எனக்குத் தொண்ட வறண்டுபோகும். மாமா போனப்ப ஒரு மாசம் நான் சரியாத் தூங்கல.”

“தெரியும்” என்றாள் கோமதி. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. “குரல்லயே தெரியும். மருமக பயப்படுதது மாமியாருக்குக் கசக்குமா? நீயும் ஒரு மாமியாராகிப் பாரு, அப்போ விளங்கும்.”

ஷைலஜா போனைக் கவிழ்த்து வைத்தாள். உள்ளே சீரியலின் பாட்டு ஆரம்பித்தது.

*

சாட்சி கிடைத்துவிட்டது. ஜெசிந்தா குதிக்காத குறை. “அண்ணாச்சி, நீங்க எவ்வளவுக்கு எவ்வளவு ஏமாந்திருக்கீங்களோ அவ்வளவுக்கு அவ்வளவு கேஸ் ஸ்ட்ராங்கு. பொஞ்சாதியும் ஏமாத்தியிருக்கா, பெத்த தாயும் ஏமாத்தியிருக்கா. இதவிட ஒரு அப்பாவி உலகத்துலயே கிடையாது. பெத்த அப்பா உயிரோட இருந்தா அவருகிட்டயும் ஒண்ணு வாங்கியிருக்கலாம்.”

கோமதி பாளையங்கோட்டை நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டாள். ‘என் மகன் காந்திமதிநாதனை நான் அறிந்தே ஏமாற்றினேன்.’ அதோடு ‘அவன் நன்மைக்காக’ என்று சேர்த்திருந்தாள். ஜெசிந்தா அதை அடிக்கச் சொன்னாள். கோமதி ஒப்பவில்லை. மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு, பத்திரத்தில் அந்தச் சொற்கள் இல்லாமல் கையெழுத்திட்டு, வாட்ஸ்அப்பில் அதைத் தனியாக அனுப்பிவைத்தாள். ஷைலஜா தன் பத்திரத்தை ஒரே மூச்சில் எழுதினாள். ‘என் கணவரை ஏமாற்றினேன்.’ எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

மிருதுளாவின் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு குடியேற்ற அலுவலகத்தில் நேர்காணல். காலை பத்தரைக்கு மூன்று பேரும் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா கடைசியாக எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தாள்.

“அதிகாரி எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டு மதினிகிட்ட ஒரு கேள்வி கேப்பாங்க. ‘இந்த நாட்டிலேயே நிரந்தரமா வாழ உத்தேசமா?’ன்னு. சத்தியம் பண்ணிட்டுச் சொல்லுத பதிலு. எல்லாரும் ஆமான்னு சொல்லிட்டு வந்துருவாங்க. சடங்குதான். ஆனா இல்லன்னு சொன்னா மதினி மனு விழும். மதினி மனு விழுந்தா உங்க மூணு பேரு மனுவும் விழும். சரியா? நான் போய் ஃபைலக் குடுத்துட்டு வாரேன்.”

அவள் போன பிறகு ஷைலஜா மெல்லச் சொன்னாள். “ஏங்க, நான் ஊருக்குப் போறேன்.”

“எப்போ?”

“மிருதுளாவுக்குக் கார்டு வந்த அடுத்த மாசம். வடசேரியில வீடு சும்மாத்தான கெடக்கு. நீங்க வரதும் வராததும் ஒங்க இஷ்டம்.”

“இவ்வளவும் பண்ணிட்டு, இப்போ கோவம் உனக்கா? ஏமாந்தது நான்ட்டி!”

“பொண்ணு பாக்க வந்தப்ப மொட்டமாடியில வச்சு எங்கிட்ட என்ன சொன்னீங்க?”

நாதன் கூரையைப் பார்த்தான்.

“‘அமெரிக்காவுல அஞ்சே வருசம். அஞ்சு வருசத்துல திரும்பி வந்து பாளையங்கோட்டையில வீடு கட்டுறோம்’னு சொன்னீங்க. எனக்கு மொத மொத சொன்ன வார்த்தையே அதுதான். அத நம்பித்தான் நான் தலைய ஆட்டுனேன். இந்த ஊருக்கு வந்து பதினேழு வருசம் ஆகுது. வேல பாக்க எனக்கு அனுமதி கிடையாது. படிச்ச படிப்பு டிரங்குப் பெட்டியில கெடக்கு. அஞ்சு வருசம் முடிஞ்ச அன்னைக்குக் கேட்டேன், ‘அடுத்த வருசம் கார்டு வந்துரும்’னீங்க. ஒவ்வொரு வருசமும் அதே பதிலு.”

“அது… எல்லா மாப்பிள்ளையும் சொல்லுததுதான.”

“அதான். நீங்க சொன்னா மாப்பிள்ள பேச்சு. நான் சொன்னாப் பொய்க்காரி.” அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “பதினோராயிரம் தடவ கேட்டாச்சு அந்தப் பட்டத்த. போதும். உள்ள போனதும் என்ன கேட்டாலும் நான் உண்மையத்தான் சொல்லப்போறேன்.”

“ஏட்டி…”

கதவு திறந்து அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரியின் பெயர் ஹால்வர்சன். ஓய்வுபெறும் வயதுக்கு ஒரு விரல்கடை பாக்கி இருந்த பெண்மணி. பத்திரங்களைப் பொறுமையாகப் படித்தாள். கோமதியின் பத்திரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு நாதனை அனுதாபத்தோடு பார்த்தாள்.

“உங்கள் மனைவி குவைத்தில் பிறந்தவர் என்பது உங்களுக்கு எப்போது தெரியும்?”

“நாற்பத்தோரு நாளுக்கு முன்னால்.”

“தெரிந்தபோது எப்படி உணர்ந்தீர்கள்?”

நாதன் வேப்பமரத்தைச் சொன்னான். சொல்லும்போதே அழுதான். ஜெசிந்தா கற்றுக்கொடுத்த அழுகை அல்ல, அவனுடைய சொந்த அழுகை. ஹால்வர்சன் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். மிருதுளாவின் பிறந்த தேதியைத் திரையில் பார்த்தாள். நாட்காட்டியைப் பார்த்தாள். “சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள்” என்று புன்னகைத்தாள்.

பிறகு ஷைலஜாவின் பக்கம் திரும்பினாள்.

“ஒரு கடைசிக் கேள்வி. நீங்கள் சத்தியப் பிரமாணம் செய்திருக்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். இந்த நாட்டிலேயே நிரந்தரமாக வாழ உத்தேசமா?”

ஷைலஜா தலையைத் திருப்பி நாதனைப் பார்த்தாள். மிருதுளா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காத்திருப்புக் கூடத்தில் பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது.

நாற்பத்தோரு நாளாக ஊரெல்லாம் போய் இவள் பொய் சொல்லிவிட்டாள் என்று அழுதவன், இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியெல்லாம் கூப்பிட்டான். நெல்லையப்பரைக் கூப்பிட்டான், சுசீந்திரத்துத் தாணுமாலயனைக் கூப்பிட்டான், அவசரத்துக்கு ஜெசிந்தாவின் பனிமய மாதாவையும் கூப்பிட்டான். ஒரு பொய். இன்னும் ஒரே ஒரு பொய் சொல்லு தாயே. கண்ணாலேயே அவளிடம் கெஞ்சினான். அவள் அந்தக் கெஞ்சலை அவசரப்படாமல், முழுசாக, ஒரு மிடறு மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொண்டாள்.

“திருமதி?” என்றாள் ஹால்வர்சன்.

ஷைலஜா அவளை நேராகப் பார்த்தாள்.

“ஆமாம். இதுதான் என் வீடு. வேறு எங்கும் போகும் எண்ணமே எனக்குக் கிடையாது” என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, ஒரு கணம் தயங்கி, இமையோரத்தில் அளவாக ஒரு துளி ஈரத்தையும் வரவழைத்துக்கொண்டாள்.

ஹால்வர்சன் நெகிழ்ந்துபோய் மூன்று மனுக்களிலும் கையெழுத்திட்டாள். மிருதுளா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நாதன் நாற்காலியை விட்டு எழவில்லை. இருபத்திரண்டு வருடத்தில், மனைவி பொய் சொல்வதை அவன் பொய்யென்று தெரிந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.